மாத்திரைக்குத் தெரியாமல் இளைத்தவர்

நீரிழிவு கிளினிக்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, எடையைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஒருவரைக் கண்டால் தாராளமாகப் பாராட்டுங்கள். நம் வேலையில் அப்படியொரு நல்ல காட்சி அடிக்கடி கிடைப்பதில்லை. ஆனால் பாராட்டிய வாய் மூடுவதற்குள் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "மாத்திரை எவ்வளவு போடுறீங்க?"

பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. நானும் பரீட்சைக்காகப் படித்து எழுதியிருக்கிறேன். அந்த வரி எனக்குள் ஆழமாகப் பதிந்தது மட்டும் ஓடும் பஸ்ஸில், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான ஒரு வளைவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது.

என் வீடு கினிகத்தேனையில். வேலை ஹட்டன் ஆஸ்பத்திரியில், நர்ஸாக. காலையில் புறப்படும் தனியார் பஸ் ஒன்றில்தான் தினமும் போவேன். அதை ஓட்டியவர் சவரிமுத்து. வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தாயும் தகப்பனும் மலையில் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கனரக வாகன லைசன்ஸ் எடுத்த முதல் ஆள் இவர்தான். அந்தப் பெருமை அவர் ஹாரன் அடிப்பதிலேயே தெரியும்.

தோட்டத்து ஆட்களுக்கு உடம்பு வைக்காது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வராது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சவரி விடிந்தது முதல் பொழுது சாயும்வரை இருந்த இடத்திலேயே இருப்பார். பாதையின் இந்த முனையில் மீன் அடைத்த மாலுபான் ஒன்று, அந்த முனையில் இரண்டு ரோல்ஸ், இடையிடையே சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ, வீடு திரும்பும்போது கொத்துரொட்டி. வயிறு ஸ்டியரிங்கில் முட்டும். சீனியும் பிரஷரும் கூடிக்கொண்டே போய், கடைசியில் எங்கள் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் வைத்திய நிபுணர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. நோயாளிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மலையகத் தமிழ் பழகியவர். சவரியின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரையைக் கூட்டினார். அப்புறம் சொன்னார்: "சீனி இதுக்கு மேலயும் கூடினா இன்சுலின் ஊசிதான் சவரி. எடையக் குறைங்க."

சவரியின் முகம் வெளுத்துவிட்டது. "ஊசி போட ஆரம்பிச்சா என்னைய ஸ்டியரிங்ல உக்கார விடுவாங்களா டாக்டர்?"

"அது அப்புறம் பாக்கிற விசயம். இப்ப கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. மாசாமாசம் வந்து காட்டுங்க."

இரண்டு விஷயம் சொன்னார் அல்லவா? சவரியின் காதில் முதலாவதுதான் விழுந்தது. பயந்த மனிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எந்தச் சொல் பயத்தோடு ஒட்டிக்கொண்டதோ, அதைமட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

அதற்கடுத்த வாரம் என் மகளின் பிரசவத்துக்காக நான் நீண்ட விடுப்பில் கொழும்புக்குப் போய்விட்டேன். அந்த மாதங்களில் நடந்ததை எல்லாம் பிறகுதான் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யாரோ போனில் காட்டிய வீடியோ ஒன்றைப் பார்த்து, சவரி சோறு, ரொட்டி, பாண் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். காலையில் சீனி இல்லாத பிளேன்டீ மட்டும். மத்தியானம் அவித்த மரக்கறியும் ஒரு முட்டையும். இரவில் பசி தாங்காவிட்டால் வெந்நீர். உடம்பு மளமளவென்று இறங்கியது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கூப்பிட்டு நிறுத்தி, என்ன மருந்து சாப்பிடுறீங்க என்று கேட்டார்களாம். மனிதருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

கிளினிக் நாளும் அவருக்கு ஓட்ட நாள். லீவு போட்டால் பஸ் வேறு கைக்குப் போய்விடுமோ என்ற பயம். அதனால் மனைவி ரெஜினா வந்து மாத்திரை வாங்கிப்போனார். கூட்டம் நிறைந்த கிளினிக்கில், ஆள் வராவிட்டாலும் பழைய அளவிலேயே மருந்து கைமாறிவிடும். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளி எந்த ஆஸ்பத்திரியிலும் உண்டு, நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இருக்கும். அதன் வழியாக ஒரு பஸ்ஸே விழலாம் என்பதால் சொல்கிறேன்.

நான் திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள். பஸ்ஸில் ஏறியதும் சவரியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய உட்கார்ந்திருந்தார். நான் கையசைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. நர்ஸான என்னை எப்போதும் "வாங்க மிஸ்ஸி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். பின்னால் ஆட்கள் நெருக்கியதால் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கொண்டக்டர் சுனில் டிக்கட் கொடுக்க வந்தார். நடுவயதுச் சிங்களவர். சவரியோடு பல வருடமாக ஒரே பஸ்ஸில் இருப்பவர்.

"உங்க டிரைவருக்கு என்ன ஆச்சு சுனில்? இப்படி எளைச்சுட்டாரு?"

"டயட், மிஸ்ஸி" என்றார் பெருமையாக. "சோறு தொடுறது இல்ல. காலைல ஒண்ணுமே சாப்புடுறது இல்ல. மாத்திரை மட்டும்தான். அது ஒரு நாள்கூட தவற மாட்டாரு."

சாப்பிடாததும் மாத்திரை தவறாததும் எனக்குள் ஒன்றோடொன்று மோதின. எடை இறங்கினால் சீனி தானாக இறங்கும். சாப்பாடும் இல்லையென்றால் இன்னும் இறங்கும். மெட்ஃபோமின் என்ற சாதுவான சீனி மாத்திரை மட்டும் என்றால் இவ்வளவு பயமில்லை. இவர் போட்டுக்கொண்டிருப்பதோ, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினை விரட்டும் மாத்திரை. குண்டாக இருந்த சவரிக்குக் கொடுத்த அதே அளவு.

ஹட்டனில் இறங்கியதும் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தேன்.

வெளியே பனி. பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டரும் தொப்பியுமாக இருக்கிறார்கள். சவரியின் பிடரியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. அப்போதுதான் ஒரு தரிப்பிடத்தை நிற்காமல் தாண்டினார். இறங்க வேண்டிய பெண் சத்தம் போட்டார். சுனில் மணியை அடித்தார். சவரி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எதிரே வந்த லொறிக்கு ஹாரனை அழுத்தியவர், லொறி கடந்த பிறகும் கையை எடுக்கவில்லை. பஸ் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி, மறுபடி வெட்டித் திரும்பியது.

"சவரி! பஸ் எக்க நவத்தன்ன!" என்று சுனில் கத்தினார். நிறுத்தச் சொல்கிறார்.

"சும்மா இருடா!" என்றார் சவரி. குரல் அவருடையதாக இல்லை.

தங்கைகளே, தம்பிகளே, சீனி இறங்கிய மூளையோடு வாதாடாதீர்கள். "உங்களுக்குச் சுகமில்லை" என்றால் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். கத்தினால் அவரும் கத்துவார். ஸ்டியரிங்கைப் பிடுங்கப் போனால் பள்ளம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் தோன்றியது: யோசிக்கிற மூளை மங்கினாலும் பழகிய கை கால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர் தினமும் எதற்காக ஓரம் கட்டுவார்?

எழுந்து அவர் தோளருகே போய், வாயைப் பொத்திக்கொண்டு, எப்போதும் பயணிகள் சொல்கிற அதே குரலில் சொன்னேன்: "அண்ணே, வாந்தி வருது. கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

"சே!" என்றார். முகத்தைச் சுளித்தார். ஆனால் கால் தானாக பிரேக்குக்குப் போனது. கை தானாக இடப்பக்கம் திருப்பியது. வளைவு முடிந்து கொஞ்சம் அகலமான இடத்தில், மலையோரமாக பஸ் நின்றது. சுனில் எஞ்சின் மூடியின் மேலால் பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி உருவிக்கொண்டார்.

அப்புறம்தான் சத்தம் கிளம்பியது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துருக்கான்யா!"

"பொலிசுக்குப் போன் போடுங்க!"

ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார். சவரி சீட்டில் தலை தொங்க உட்கார்ந்து என்னவோ உளறிக்கொண்டிருந்தார். பார்க்கிற எவருக்கும் குடித்த ஆள் போலத்தான் தெரியும். சீனி இறங்கியவர்கள் எத்தனையோ பேர் குடிகாரர் என்ற பெயரோடு தெருவோரத்தில் கிடந்திருக்கிறார்கள். வாசனை இல்லை, வியர்வை இருக்கிறது, சீனி வருத்தக்காரர். கருவி கையில் இல்லாவிட்டாலும் இந்த மூன்றும் எனக்குப் போதும். சீனியைக் கொடுத்துப் பார்ப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. கொடுக்காமல் விட்டால் எல்லாமே கெட்டுப்போகும்.

"இவரு குடிக்கல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "நான் ஆஸ்பத்திரி நர்ஸ். இவருக்கு ஒடம்புல சீனி எறங்கிருச்சு. இனிப்பா யார்கிட்டயாவது ஏதாச்சும் இருக்கா? சீக்கிரமாப் பாருங்க!"

கூட்டத்தைத் திட்டி அடக்க முடியாது. ஒரு வேலை கொடுத்தால் அடங்கும். பைகள் திறந்தன. டொபி வந்தது, கேக் துண்டு வந்தது, பின்சீட்டிலிருந்து ஒரு இனிப்புச் சோடாப் போத்தல் கைமாறி வந்தது. படம் எடுத்தவரே போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தப் போத்தலை வாங்கி என்னிடம் நீட்டினார்.

சவரியால் விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்தேன். பேசுகிறார், எச்சில் விழுங்குகிறார். நினைவு தப்பிய ஒருவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அதை மறக்காதீர்கள். போத்தலை வாயருகே கொண்டுபோனதும் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"எனக்குச் சீனி ஆகாது! எல்லாருமா சேந்து என்னையக் கெடுக்கப் பாக்குறீங்களா?"

அத்தனை மாதம் ஒரு மனிதர் தன்னைத்தானே கட்டிப்போட்டு வைத்திருந்த வைராக்கியம் அது. மயக்கத்திலும் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது சுனில் போத்தலை என் கையிலிருந்து வாங்கி, தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, "பொமு மச்சாங்" என்று சவரியிடம் நீட்டினார். குடிப்போம் மச்சான் என்பது அதன் பொருள். வருடக்கணக்காக ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு பேராகக் குடித்தவர்கள். சவரி வாங்கிக் குடித்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏன் பஸ் நிக்குது? மிஸ்ஸி, நீங்க எப்ப ஏறுனீங்க?"

சுனில் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு அம்மா "முருகா" என்று பெருமூச்சு விட்டார். சீனி உயர உயர ஒரு மனிதர் தன் முகத்துக்குத் திரும்பி வருவதைப் பார்ப்பது இருக்கிறதே, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த ஆபத்தும் இருந்தது.

"இப்ப நல்லா இருக்கேன் மிஸ்ஸி" என்றார் சவரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஹட்டன் இந்தா இருக்கு. மெதுவா ஓட்டிட்டுப் போயிர்றேன்."

"அவருதான் தெளிவாப் பேசுறாரே நர்ஸ்" என்றார் அலுவலகத்துக்குப் போகும் ஒருவர். "எங்களுக்கும் நேரமாவுது."

நேரமாவது உண்மைதான். இரண்டு வருடம் மூன்று வருடம் சர்வீஸ் உள்ள எவரும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆள் எழுந்துவிட்டார், பேசுகிறார், சிரிக்கிறார், அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் குடித்த சோடா சீக்கிரம் கரைந்துபோகும். விழுங்கிய மாத்திரை பொழுதெல்லாம் வேலை செய்யும்.

"பேச்சு தெளிஞ்சிருச்சு, மாத்திரை தெளியல" என்றேன். "இன்னிக்கு இவரு ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. சுனில், சாவிய நீங்களே வச்சிக்கங்க."

சவரி என்னைப் பார்த்த பார்வையில் அவமானமும் கோபமும் இருந்தன. தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். பின்னால் வந்த பஸ்ஸில் பயணிகளை ஏற்றிவிட்டு, நாங்கள் மூவரும் ஆட்டோவில் போனோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பணிஸும் வாழைப்பழமும் வாங்கி அவரைச் சாப்பிடவைத்தேன். முதல் கடியை அவர் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

வார்டில் படுக்கவைத்தோம். சீனி நன்றாக ஏறியிருந்தது. ரெஜினா ஓடி வந்து சேர்ந்தார். மத்தியானம் தாண்டி, மனைவியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சவரி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனார். கண்கள் எங்கோ நிலைத்தன. விரலில் குத்திப் பார்த்தோம். மறுபடியும் கீழே. நல்லவேளை, படுக்கையில் இருந்தார், கை நரம்பில் ஊசிக்குழாய் போட்டுவைத்திருந்தோம். குளுக்கோஸ் உள்ளே போகப் போகத் திரும்பி வந்தார்.

அந்த நேரத்தில் அவர் வழக்கம்போல் வேலையில் இருந்திருந்தால், ஹட்டனிலிருந்து இறக்கத்தில் வந்துகொண்டிருப்பார். பள்ளிக்கூடம் விட்டு ஏறும் பிள்ளைகளோடு. சுனிலும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சீனி நிலையாக நின்றது. ஆபத்து தாண்டியது. ஆனால் வீட்டுக்காரர்கள் ஒரு பயத்திலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரெஜினா எங்கள் வைத்திய நிபுணரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இவரு எளைக்கவே வேணாங்க டாக்டர். குண்டா இருந்தாலும் உசுரோட இருக்கட்டும். இனிமே வயிறு நெறயச் சோறு போடப்போறேன்."

சவரியும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க டாக்டர். டயட்டெல்லாம் எங்களுக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்றார்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். வார்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சவரி, உங்க டயட் தோத்துப் போகல்ல. ஜெயிச்சிருச்சு. ரொம்ப வேகமா ஜெயிச்சிருச்சு. உங்க ஒடம்புக்கு இப்ப அவ்வளவு மருந்து தேவையில்ல. மாத்திரைக்கு அது தெரியாது. யாரும் சொல்லல்ல. அது பாட்டுக்குப் பழைய சவரிக்கு வேலை செஞ்சிட்டு இருந்திச்சு."

சவரி தலையை நிமிர்த்தினார். "அப்ப ஊசி?"

"ஊசியா? இருக்கிற மாத்திரையிலயே ஒண்ண நிப்பாட்டப் போறேன்."

ரெஜினா அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சவரி எந்த ஊசிக்குப் பயந்து பட்டினி கிடந்தாரோ, அந்த ஊசியின் பயம் அந்தக் கட்டிலிலேயே முடிந்தது.

கணையத்தைத் தட்டும் மாத்திரையை டாக்டர் அடியோடு நிறுத்தினார். பிரஷர் மாத்திரையையும் குறைத்தார். எடை இறங்கினால் அதுவும் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். கூடவே போட்டுவந்த மெட்ஃபோமின் மட்டும் தொடர்ந்தது.

சாப்பாட்டைப் பற்றி நானும் ரெஜினாவும் உட்கார்ந்து பேசினோம். ஓட்ஸ் வாங்கு, சலாட் செய் என்று அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினால் அது அடுப்புப் பற்றவைக்கத்தான் ஆகும். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பருப்பு, முட்டை, நெத்தலி, லயத்துக்குப் பின்னால் கீரை, கோதுமை மா, அரிசி. அதற்குள்ளேயே செய்தோம். மூன்று ரொட்டி ஒன்றானது, பக்கத்தில் பருப்பும் கீரையும் கூடின. மலைபோல் இருந்த சோறு ஒரு சின்னக் கோப்பைக்கு இறங்கியது. தேநீரில் சீனி இல்லை. பட்டினியும் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பதை டாக்டரே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சில வாரம் சவரி வீட்டில் இருந்தார். சீனி அடங்கியே நின்றது. எடை கொஞ்சம் திரும்பி வந்து, ஓரிடத்தில் நின்றுகொண்டது. அதற்காக அவர் முகம் வாடியபோது, வந்ததைவிடப் போனதுதான் அதிகம் என்றேன். ரெஜினா தன் பங்குக்கு, "கொறட்டையும் நின்னுபோச்சு மிஸ்ஸி. கல்யாணம் கட்டி இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்" என்றார். நோயாளியிடம் "குணமாகிவிட்டது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள், பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டினார் என்ற பேச்சு ஊரில் கொஞ்சம் பரவத்தான் செய்தது. அதை அடக்கியவர் சுனில். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் டிக்கட் கொடுக்கும்போதே, சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்திலும் தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும், "குடி இல்ல, சீனி எறங்கினது" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கதையைச் சாகடித்தார். பஸ் முதலாளியிடம் நான் போய் விளக்கினேன். நம் வேலை வார்டு வாசலோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவரின் உயிரைக் காப்பாற்றி, பெயரைக் கைவிட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

டாக்டர் பரிசோதித்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகு சவரி வேலைக்குத் திரும்பினார். அந்தக் காலையில் நானும் கினிகத்தேனையில் ஏறினேன். பஸ் நிறைந்துவிட்டது. நேரம் வந்தும் புறப்படவில்லை.

"என்னாங்க, இன்னும் எடுக்கலயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"டிரைவர் சாப்புடுறாரு!" என்று சுனில் திருப்பிக் கத்தினார்.

எட்டிப் பார்த்தேன். கடை வாசலில் சவரி ஒரு ரொட்டியைப் பருப்பில் தோய்த்துத் தோய்த்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் மறுபடி கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறியவர் என்னைப் பார்த்து, "வாங்க மிஸ்ஸி" என்றார்.

பஸ் ஏற ஆரம்பித்தது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் சில வளைவுகளுக்கு அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். காய்ந்திருந்தது. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஹட்டனில் சுனில் தட்டி எழுப்பியபோது, பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள்.